ஒரு குத்து அதிகம்

ஒரே ஒரு குத்து அதிகம். நான் செய்த தப்பு அவ்வளவுதான்.

காஜா பேராங் தெருவில் கணேசமூர்த்தி அச்சகத்தில் எனக்குத் தாளில் எண் குத்தும் நம்பர் மிஷின் வேலை. நாங்கள் கப்பலேறி வந்த இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் குடியுரிமை விண்ணப்ப பாரம் ஐந்நூறு எங்களிடம் வந்தது. மேல் பாதி பாரம், ஆபீசுக்கு. கீழ்ப் பாதி ரசீது, ஆளுக்கு. இரண்டிலும் ஒரே எண் விழ வேண்டும். மிஷினின் முள்ளை இரண்டில் வைத்தால் ஒவ்வொரு எண்ணும் இரண்டு தடவை வரும்: ஒன்று, ஒன்று, இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று. யோசிக்காமல் குத்திக்கொண்டே போகலாம். நானும் யோசிக்கவில்லை.

எந்தப் புது வேலையானாலும் முதல் குத்து மஞ்சள் தடவிய தாளில், பிள்ளையாருக்கு. இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. அதன்பின் மிஷினை மறுபடி ஆரம்பத்துக்குக் கொண்டுவருவேன். அன்றைக்கு மறந்து தொலைத்தேன். மிச்சமிருந்த ஒன்று முதல் பாரத்தில் விழுந்தது, அதன் ரசீதில் இரண்டு. அடுத்த பாரத்தில் இரண்டு, ரசீதில் மூன்று. ஐந்நூறும் அப்படியே போயிருக்கிறது.

நாலு மாதம் கழித்து ஆபீஸ் வரிசையில் என் மனைவி பூங்காவனத்தோடு நின்றபோதுதான் இது எனக்கு உறைத்தது. அவள் ஆஸ்பத்திரியில் ஆயா. மாதக் கடைசிக்குள் குடியுரிமைப் பத்திரம் காட்டாவிட்டால் வேலை போய்விடும்.

ஜன்னலுக்கு உள்ளே எழுத்து வேலை பார்க்கும் கிராணி ராஜரத்தினம் ரசீதைப் பார்த்தார். "இது நானூத்திப் பன்னெண்டு. பூங்காவனம் பாரம் நானூத்திப் பதினொண்ணும்மா. நம்பர் ஒத்துப்போனாதான் பத்திரம் கொடுக்க முடியும்."

"பேரு என்னோடதுதானே ஐயா?"

"ஒரே பேருல நாலு பேரு இருப்பாங்கம்மா. காலையிலருந்து ஒண்ணுகூட ஒத்துப்போகல. மொத்தத்தையும் ரத்து பண்ணச் சொல்லிட்டாங்க. புதுசா எழுதிப் போடுங்க, ஒரு வருஷமாகும்."

பத்திரம் அவர் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. அதில் அவள் பெயர் என் கண்ணில் பட்டது. சொல்ல வாயெடுத்தேன். பிள்ளையாருக்கு ஒன்று குத்தினேன் என்றால் எந்த அதிகாரி கேட்பான்?

தெங்கேராவிலிருந்து வந்து எங்கள் பின்னால் நின்ற தாவூத் பாய் கத்தினார். "நம்பர் போட்டவன் கண்ணு அவிஞ்சா போச்சு?"

பூங்காவனம் விருட்டென்று திரும்பினாள்.

"பார்த்துப் பேசுங்க பாய். நம்பர் குத்துனது எங்க வீட்டுக்காரரு. அவரு கை தப்பாது. இந்த ஆபீசுலதான் மாத்தி எழுதியிருக்காங்க."

என் கையைப் பிடித்து ஜன்னலுக்கு முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"நீங்களே சொல்லுங்க."