காட்டுக்குள் கிடைத்த சம்மதம்

மலாக்காவில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. வெயில் உண்டு, மழை உண்டு, மழை விட்டதும் புழுக்கம் உண்டு. இதை தர்மேந்திரன் அங்கிளிடம் எடுத்துச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. குருபோங் சைக்கிள் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஐரோப்பாக்காரர்கள் டிசம்பரில் காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, நாமும் ‘விண்டர் ரைடு’ போகிறோம் என்று அறிவித்தார். பழைய துணிக் கடையில் பனிக்கால ஜாக்கெட்டுகள் வாங்கி வந்து ஆளுக்கொன்று மாட்டிக்கொள்ளச் சொன்னார்.

நான் மாட்டிக்கொண்டேன். பேய்க்கு வாக்கப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும். எனக்கு அவருடைய மகள் தாரணி வேண்டும். நான் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். “நைட் ஷிப்ட் பாக்குறவன் பகல்ல பொணம், ராத்திரியில பேயி. அவனுக்குப் போயி பொண்ணு குடுக்க முடியுமா?” என்று ஏற்கெனவே சொல்லியனுப்பியிருந்தார். மறுநாள் சிரம்பானிலிருந்து வேறொரு குடும்பம் தாரணியைப் பெண் பார்க்க வருகிறது. “இன்னைக்கு நீயே அப்பாகிட்ட கேளு கவி. இல்லன்னா என் கல்யாணத்துக்கு வந்து சாப்ட்டுட்டுப் போ” என்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

செங் என்ற ஊர்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் நுழையும் இடத்தில் அங்கிள் எங்களை நிறுத்தி விதியை நினைவுபடுத்தினார். காட்டுக்குள் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பேர் சொல்லி ஏதாவது கூப்பிட்டால் அது மனுஷன் இல்லை. பதில் பேசாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பேருக்குப் பதிலாக எல்லோருக்கும் எண் கொடுத்தார். அவர் ஒன்று, நான் இரண்டு.

முதல் ஏற்றத்திலேயே மூன்றிலிருந்து ஏழு வரை ஜாக்கெட்டுக்குள் வெந்துபோய், தே ஐஸ் என்கிற குளிர்ந்த தேநீர் குடிக்கத் திரும்பிவிட்டார்கள். மிஞ்சியது நாங்கள் இருவர். சிலந்தி வலை முகத்தில் ஒட்டுகிறது என்று என்னை முன்னால் விட்டுவிட்டுப் பின்னாலிருந்து வழி சொன்னார். அந்த வழிகளில் ஒன்றுகூட வழியாக இல்லை. நான் கேட்க வேண்டிய கேள்வியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். கேட்க வாய் வருவதற்குள் இருட்டிவிட்டது.

அப்போதுதான் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல்.

“கவிநேசா.”

இத்தனை காலத்தில் அங்கிள் என் பேரைச் சொன்னதே இல்லை. வீட்டில் நான் ‘அந்தப் பையன்’, காட்டில் நான் ‘ரெண்டு’. இவ்வளவு அன்பாக என்னைக் கூப்பிடுவது நிச்சயம் அவராக இருக்க முடியாது. விழுந்தடித்து மிதித்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் மனசு கேட்கவில்லை. ஒருவேளை அவராகவே இருந்தால்? பேய்க்குப் பயந்து தாரணியின் அப்பாவைக் காட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்று எந்த முகத்தோடு அவளிடம் சொல்வேன்? பதில் பேசக் கூடாது என்பதுதான் விதி. கேள்வி கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

“நீங்க நெசமா அங்கிளா இருந்தா சொல்லுங்க. தாரணிய எனக்குக் குடுப்பீங்களா?”

பின்னால் இருட்டிலிருந்து அதே குரல் வந்தது.

“குடுக்குறேன்பா. தாராளமாக் குடுக்குறேன். வந்து கையக் குடு லா.”

சந்தேகம் தீர்ந்தது. பேயேதான். திரும்பிப் பார்க்காமல் பறந்தேன்.

“டேய், ஓடுறியா? ஷிப்டுக்காரப் பயலே, நீ தலகீழா நின்னாலும் என் பொண்ணு உனக்குக் கிடையாதுடா!”

பிரேக்கைப் பிடித்தேன். அப்பாடா என்றிருந்தது. அடிவயிற்றிலிருந்து அப்படி என்னைத் திட்டக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடினேன்.

அங்கிள் பாதையோரப் பள்ளத்தில் இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் பிசகியிருந்தது. ஜாக்கெட் தண்ணீரைக் குடித்து மெத்தை மாதிரி உப்பியிருந்தது. நான் கை நீட்டியதும் அவர் தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“நீ யாரு?”

“ரெண்டு, அங்கிள்.”

அதற்குப் பிறகுதான் கையைக் கொடுத்தார். அவருடைய சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, அவரை என்னுடையதில் உட்காரவைத்துத் தள்ளினேன். ஏற்றம் வந்தபோது முதுகில் தூக்கிக்கொண்டேன். ஜாக்கெட்டைக் கழற்றுங்கள் என்று கெஞ்சியும் அவர் கேட்கவில்லை.

இருட்டியும் நாங்கள் திரும்பாததால், சாலையோர ஒட்டுக்கடை வெளிச்சத்தில் தாரணி காரோடு வந்து காத்திருந்தாள். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கேட்டாயா என்று கண்ணாலேயே என்னைக் கேட்டாள்.

“கேட்டேன். குடுக்குறேன்னு சொன்னாரு” என்றேன்.

“காட்டுக்குள்ள சொன்னது செல்லாது. அது நான் இல்ல” என்றார் அங்கிள்.

“அப்புறம் குடுக்க மாட்டேன்னும் சொன்னாரு.”

“அப்ப அதுவும் நீங்க இல்லையாப்பா?” என்றாள் தாரணி. “சரி, இங்கதான் லைட்டு இருக்குல்ல. இப்பச் சொல்லுங்க.”

அங்கிளுக்குக் கோபம் தலைக்கேறியது.

“என்னத்தச் சொல்றது? குடுக்குறேன்னு சொன்னப்ப என்னைய விட்டுட்டு ஓடிட்டான். கிடையாதுன்னு திட்டுனதுக்கு அப்புறம்தான் திரும்பி வந்து…”

பாதியில் நின்றுவிட்டார். கடைக்காரர் வைத்துவிட்டுப் போன தேநீரை எடுத்துக் குடித்தார். என்னை ஒருமுறை தலையிலிருந்து கால் வரை பார்த்தார். நானும் சேறாகத்தான் இருந்தேன்.

“கிடையாதுன்னு சொன்னவனத் தூக்கிட்டு வந்திருக்கான்” என்றார், மெதுவாக. “சிரம்பான்காரங்களுக்கு போன் போடும்மா. வர வேணாம்னு சொல்லிடு.”

தாரணி பையில் போனைத் தேடுவதற்குள் அவர் மனசு மாறிவிடுமோ என்று பயந்து, என் போனை அவரிடமே நீட்டினேன்.