முப்பது கஜத்துக் கல்

நெவில் ரைஸ்ட்ரிக்கை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. கடைசியில் என் மனம் இளகிவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மிஸஸ் கால்வெர்ட்டின் பார்லி வயலில் முயல் சுடுகிற உரிமை பல வருடங்களாக என்னுடையது. அதற்குக் காகிதமோ கையெழுத்தோ கிடையாது. எங்கள் யார்க்‌ஷயர் பக்கத்தில், சுட விரும்புகிறவர் பண்ணை வீட்டின் பின்கதவைத் தட்டி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். பண்ணைக்காரர் சரி என்றால் சரி. ஒரு பண்ணைக்கு ஒரே ஆள்தான். நான் போய்க் கேட்ட அன்று மிஸஸ் கால்வெர்ட் மாவுக் கையோடு வந்து நின்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"சுட்டா அங்கேயே சாகணும்மா டெனிஸ். காயம்பட்டுக் காலை இழுத்துக்கிட்டுப் போற முயல் என் நிலத்துல இருக்கக் கூடாது."

அந்தச் சொல்லை நான் காப்பாற்றினேன். ஏர் ரைஃபிளுக்கு வலு குறைவு. தலையில் ஒரு நாணயம் அளவு இடத்தில் குண்டு பட்டால்தான் முயல் விழுந்த இடத்தில் சாகும். இரண்டு விரல் கீழே இறங்கினால் தாடை உடையும், இல்லையென்றால் முன்னங்கால் போகும். அதனால் தூரம் சரியாகத் தெரிந்தே ஆக வேண்டும். முயல் வளைகளுக்கு எதிரே, முள்வேலியை ஒட்டி, கம்பு நட்டு வலை போர்த்தி ஒரு மறைப்பு கட்டியிருந்தேன். முயல்களுக்கு அது பழகிப்போய், வேலியில் ஒரு புதர் என்றே நினைத்தன. மறைப்பிலிருந்து முப்பது கஜத்தில், புல்லின் மேல், இடிந்த மதிலிலிருந்து எடுத்த ஒரு கல். துப்பாக்கியின் குறியையும் முப்பது கஜத்துக்கே சரி செய்திருந்தேன். கல்லுக்குப் பக்கத்தில் மேய்கிற முயல் என்றால் நேராகச் சுடுவேன். அதைத் தாண்டி இருந்தால் கொஞ்சம் உயர்த்திச் சுடுவேன். தரையோடு தரையாக உட்கார்ந்து வலை ஓட்டை வழியே பார்க்கிறவருக்கு முப்பது கஜமும் நாற்பது கஜமும் ஒன்றுபோலத்தான் தெரியும். கல்லை நம்பித்தான் சுட வேண்டும்.

அந்தக் கல் எதற்கு என்று என்னைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் நெவில். போன வசந்தத்தில், "உன் மறைப்பைப் பார்க்கணும்" என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். பக்கத்தில் உட்கார வைத்து, என் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, எனக்கென்று வைத்திருந்த பன்றி இறைச்சி அடைத்த ரொட்டியில் பாதியையும் கொடுத்தேன். தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனான்.

இந்த வருடம் பார்லி முளைத்ததும் முயல்கள் ஓரத்திலிருந்து மொட்டையடிக்க ஆரம்பித்தன. மிஸஸ் கால்வெர்ட் ஒரு மாலை வந்து வயல் கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கல்லை ஒட்டி ஒரு பெரிய முயல் மேய்ந்தது. நேராகக் குறிவைத்துச் சுட்டேன். அது கத்தியது. முயல் கத்தினால் குழந்தை வீரிடுவது போலவே இருக்கும். ஒரு முன்னங்கால் தொங்க, தத்தித் தத்தி வளைக்குள் போய்விட்டது. கை நடுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அது அடங்கி வெகுநேரம் கழித்து இன்னொன்று வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சுட்டேன். அதுவும் தாடையில் ரத்தத்தோடு ஓடியது.

மிஸஸ் கால்வெர்ட் புல்லை மிதித்துக்கொண்டு நேராக வந்தார்.

"போதும், எழுந்திரு டெனிஸ். வயசாகுது உனக்கு. கண்ணு போச்சு."

"மிஸஸ் கால்வெர்ட், நான் சுட்டது சரியாத்தான்..."

"என் காதுல விழுந்ததே, அது சரியா?"

மறுநாள் காலை நெவில் அவருடைய பின்கதவில் தொப்பியோடு நின்றிருக்கிறான். சாயங்காலம் பப்பில் எல்லோர் முன்னாலும் ஒரு கையை மடக்கிக்கொண்டு நொண்டியபடியே என் மேஜைக்கு வந்தான்.

"வணக்கம் டெனிஸ் அக்கா. உங்க வயல்லேருந்துதான் வரேன். மிச்சமிருக்கிற காலையும் எடுத்துக்கறீங்களா?"

பப்பே சிரித்தது. எத்தனையோ வருடமாக என் கையால் முயல் வாங்கித் தின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் அந்த இரண்டு முயல்களையும் சுட்டது நான்தானே.

தேடிப் பிடித்து அவற்றின் வேதனையையாவது முடிக்கலாம் என்று அடுத்த நாள் வயலுக்குப் போனேன். ஒன்று வளை வாசலிலேயே செத்து விறைத்துக் கிடந்தது. இன்னொன்று அகப்படவே இல்லை. திரும்பும்போது கல்லைத் தாண்டி நடந்தேன். கொஞ்ச தூரம் வந்ததும் புல்லில் ஒரு வெளிறிய இடம். வெயிலே படாமல் கிடந்த, மஞ்சளாகச் செத்த புல்; ஓரத்தில் மண்புழுக்கள். கல்லின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது. திரும்பிப் போய்க் கல்லைப் புரட்டினேன். அடியில் பச்சைப் புல், நசுங்கியிருந்ததே தவிர வாடக்கூட இல்லை. மறைப்பிலிருந்து அளந்து நடந்தேன். வெளிறிய இடம் முப்பது கஜம். கல் கிடந்ததோ முப்பத்தெட்டில்.

புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் அழுகை வந்தது, பிறகு வேறொன்று வந்தது. நெவில் என் பேரைக் கெடுத்ததைக்கூட விட்டுவிடலாம். ஒரு வயலுக்காக, என் கையை வைத்தே இரண்டு உயிர்களைச் சித்திரவதை செய்துவிட்டு, அதை நடித்தும் காட்டிச் சிரிக்க வைத்தானே, அதை விட முடியாது.

மிஸஸ் கால்வெர்ட்டிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். குறி தப்பினவள் சாக்குச் சொல்கிறாள் என்பார். சாட்சி இல்லை. நானும் அவன்போல் கல்லை இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்தான். ஆனால் அப்படிச் செய்தால் அவனும் முயல்களைக் காயப்படுத்துவான், அதுகள் என்ன பாவம் செய்தன? அப்போதுதான் பளிச்சென்று தோன்றியது. கல்லைத் தூக்கி, அது எப்போதும் இருந்த வெளிறிய இடத்திலேயே வைத்தேன். நசுங்கிய புல்லைக் கையால் நிமிர்த்திவிட்டேன். ராத்திரி பெய்த மழை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

புதிதாக உரிமை கேட்கிறவர் சுடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் மிஸஸ் கால்வெர்ட் சொல் கொடுப்பார். முயல்களுக்குப் பழகிய மறைப்பு என்பதால், நெவில் சுட்டுக் காட்டி முடிக்கும்வரை என்னுடையதை அப்படியே விட்டுவைக்கச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் வலையை அவிழ்த்துக்கொள்ளப் போனபோது நெவில் கேட்டில் நின்றான்.

"வாங்கக்கா. அவிழ்க்கறதுக்கு முன்னாடி உள்ள வந்து பாருங்க, எப்படிச் சுடறதுன்னு. நீங்க எனக்கு டீ குடுத்தவங்களாச்சே."

"வரேன்ப்பா" என்றேன். அவ்வளவு அடக்கமாக என் குரல் என்றைக்குமே வந்ததில்லை.

முயல்கள் கலையாமல் இருக்க, வேலிக்குப் பின்னாலிருந்தே மூவரும் மறைப்புக்குள் நுழைந்தோம். மிஸஸ் கால்வெர்ட் மடக்கு ஸ்டூலில், நெவில் முன்னால் மண்டியிட்டு, நான் பின்னால் வலையோடு ஒட்டிக்கொண்டு. வெயில் சாய்ந்ததும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கல்லருகே ஒன்று காதை ஆட்டியபடி மேய்ந்தது.

நெவில் ஸ்கோப்பில் கண்ணை வைத்தான். குழல் ஒரு இழை உயர்ந்தது. அவன் கணக்கில் அந்தக் கல் முப்பத்தெட்டு கஜம், குண்டு இறங்கும், அதனால் மேலே பிடிக்க வேண்டும். குண்டு முயலின் காதுக்கு மேலே காற்றோடு போனது. முயல் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

"தவற விட்டியாப்பா?" என்று கேட்டார் மிஸஸ் கால்வெர்ட்.

"காத்து அடிக்குதுங்க."

"ஒரு இலைகூட அசையலையே."

இரண்டாவது குண்டும் மேலேதான் போனது. இந்த முறை எல்லாம் ஓடி ஒளிந்தன. காத்திருந்தோம். அவன் கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி ஒன்று வந்தது, கல்லுக்கு நேர் பக்கத்தில். இன்னும் கவனமாக, இன்னும் கொஞ்சம் உயர்த்திச் சுட்டான். அதன் தலைக்கு வெகு மேலாகப் போய்ப் பின்னால் மேட்டில் மண் தெறித்தது.

"வானத்துல முயல் வளர்க்கலப்பா நானு."

நெவில் துப்பாக்கியைத் தாழ்த்தினான். கல்லையே வெறித்துப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். நான் சிரித்தேன். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"கிராதகி! கல்லைத் திரும்பப் பழைய இடத்துலயே வெச்சிட்டியா?"

மிஸஸ் கால்வெர்ட் ஸ்டூலிலிருந்து எழவில்லை.

"பழைய இடமா? அப்போ நடுவுல எந்த இடத்துல இருந்துச்சு நெவில்?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. துப்பாக்கிப் பையைத் தேடினான்.

"போ," என்றார் அவர். "நீ வீடு போய்ச் சேர்றதுக்குள்ள இந்தப் பக்கத்துல இருக்கிற ஒவ்வொரு பண்ணைக்கும் போன் போட்டுடுவேன்."

போட்டும் விட்டார். இன்றுவரை நெவிலுக்கு ஒரு பின்கதவும் திறக்கவில்லை. அவன் துப்பாக்கியை விற்கப் பார்க்கிறானாம், எங்கள் ஊரில் வாங்க ஆளில்லையாம். கேட்கக் காதுக்கு இனிமையாக இருக்கிறது.

ஆனால் அந்த மாலை அதோடு முடியவில்லை. மறைப்பில் நாங்கள் இருவர் மட்டும் மிச்சம்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"புதன்கிழமையிலிருந்து."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே டெனிஸ்."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

"இல்ல," என்றார். பிறகு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, ஏதோ கடையில் பழுதான சாமானை மாற்றிக் கொடுக்கிற மாதிரி, "சரி விடு. வயல் உன்னோடதுதான், எப்பவும் போல" என்றார்.

நான் வலையை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"என்ன பண்றே? அதான் உன்னோடதுன்னு சொல்றேனே."

"எத்தனை வருஷமா ஒரு முயல்கூடக் கத்தவிடலையே நான்? ஒரே ஒரு சாயங்காலத்துல கண்ணு போச்சுன்னீங்க. உங்க கதவுல தொப்பியக் கழட்டிட்டு நின்னு கேட்டு வாங்கினேன் அதை. இப்போ உங்களுக்கு வேணும்னா, என் கதவு எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

கம்புகளைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மாதம் முழுக்க முயல்கள் பார்லியைத் தின்றன. சாலையிலிருந்து பார்த்தாலே வயலோரம் சொட்டையாகத் தெரிந்தது. வயலை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதும் உண்மைதான், ஆனாலும் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பின்கதவு தட்டப்பட்டது. மிஸஸ் கால்வெர்ட். தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார். மழையில் தலை நனைந்துகொண்டிருந்தது.

"என் வயல்ல வந்து சுடுறியா டெனிஸ்?"

"சரியாக் காதுல விழல."

அவர் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்று கதவைச் சாத்தினேன்.