மடித்த தாளில் ஒரு கையெழுத்து

பதினோரு வருஷம் நான் எங்கள் மேனேஜரின் வாயைக் கழுவினேன். தண்ணீர் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் எனக்குச் சுருக்கெழுத்தும் டைப்பிங்கும் வேலை. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அந்த மானங்கெட்ட நாய்க்கு எழுது, வால்வு இன்னும் வந்து சேரலன்னு" என்பார். நான் என் மேஜைக்குப் போய், 'மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் அனுப்பவேண்டிய வால்வுகள் இன்னும் எங்களை வந்தடையவில்லை' என்று அடிப்பேன். வெளியில் அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பேர். முலாம் பூசினவள் நான்.

எதையும் படித்துப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. "என் நேரத்தைத் தின்னாத, கையெழுத்துப் போடற இடத்தைக் காட்டு" என்பார். அதனால் ஒவ்வொரு தாளையும் மூன்றாக மடித்து, கீழே இரண்டு விரல் அகலம் மட்டும் தெரிகிற மாதிரி நீட்டுவேன். போனில் யாரையோ கடித்துக் குதறிக்கொண்டே கிறுக்கித் தள்ளுவார்.

எனக்கும் திட்டு உண்டு. காபி ஆறிப்போனால் மூதேவி, பேனா எழுதாவிட்டால் கழுதை. சாயங்காலம் மனசு இறங்கியதும், "நீ என் தங்கச்சி மாதிரி. உன்னைத் திட்டாம வேற யாரைத் திட்டுவேன்?" என்பார். தங்கச்சி மாதிரி என்று சொல்லிவிட்டால் அவருக்கு எல்லாக் கதவும் திறந்துவிடும். அவர் மகனின் பள்ளிக்கூடக் கட்டுரையை நான் எழுதவேண்டும். அவருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நான் போய் வாங்கவேண்டும். அவருடைய சொந்தப் போன் பகலெல்லாம் என் மேஜையில்தான் கிடக்கும்; அவர் மனைவியின் மெசேஜுக்குப் பதில் போடுவதும் நான்தான். "அந்தப் பிசாசுக்கு ஏதாவது தேன் தடவி அனுப்பு" என்பார். நான் அனுப்புவேன்: 'இன்னைக்கும் வேலை இழுத்துடுச்சும்மா. எனக்காகக் காத்திருக்காதே. உன் கண்ணு சிவந்தா எனக்குத் தாங்காது.'

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் சொல்லி வைத்தாற்போல் என் போன் அடிக்கும். என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "எடும்மா, உங்கண்ணன்" என்பார். எப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கடைசித் தடவை சிரிக்கவில்லை.

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. பக்கத்துக் கட்டிடத்தில் ஆவணப் பிரிவில் ஓர் இடம் காலி. மாறுதல் விண்ணப்பத்தில் மேலதிகாரியின் கருத்தும் கையெழுத்தும் வேண்டும். இரண்டு தடவை கொடுத்தேன், இரண்டு தடவையும் கிழித்துக் கூடையில் போட்டார். "நீ போயிட்டா என் வீட்டை யாரு பாத்துக்குவா?" மூன்றாவது விண்ணப்பம் என் மேஜை டிராயரில் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் தலைமை அலுவலகத்துக்குப் போகாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அந்த வாரம் திங்கட்கிழமைதான் வால்வு சப்ளையர் வினையைக் கிளப்பினார். நான் அனுப்பிய கடிதத்தில் 'தங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது' என்று ஒரு வரி இருந்ததாம். அதைப் பிடித்துக்கொண்டு அவர் இன்னும் ஒரு மாதம் அவகாசம் எடுத்துக்கொண்டார். மீட்டிங்கில் எட்டுப் பேர் முன்னால் மேனேஜர் அந்தக் கடிதத்தை என் முகத்தில் விட்டெறிந்தார்.

"உன்னை யாருடி புரிஞ்சுக்கச் சொன்னா?" என்றார். பிறகு என் அம்மாவைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஃபைலில் இருக்கிறது.

அம்மா போய் நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கு அது நன்றாகவே தெரியும். வீட்டுக்கே வந்து, "இனிமே நான் இருக்கேன் தங்கச்சி" என்று என் தலையில் கை வைத்த ஆள். அதே வாய்தான் இதையும் சொன்னது. எட்டுப் பேரும் மேஜையைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

"இனிமே என் வாயிலேர்ந்து என்ன வருதோ அதை மட்டும் அடி. ஒரு வார்த்தை கூட்டினே, குறைச்சே, வேலைய விட்டே தூக்கிடுவேன்."

"சரி சார்" என்றேன்.

முதலில் அதைத்தான் அடித்தேன். 'அலுவலக உத்தரவு' என்று தலைப்பு, தேதி, கீழே அவர் சொன்னது முழுவதும், அம்மாவைப் பற்றிய வார்த்தை உட்பட. மடித்து நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். நகல் எடுக்க ஸ்டோர்ஸ் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் படித்தார்.

"என்னம்மா, இது நிஜமாவே ஃபைலுக்குப் போகுதா?"

"உத்தரவுண்ணே. மீற முடியுமா?"

"அப்ப எனக்கும் சேர்த்து ஒரு காப்பி எடுத்துக்கறேன்" என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரும் இந்த வாயில் விழுந்து எழுந்தவர்தான்.

செவ்வாயும் புதனும் கடிதங்கள் அவர் பெற்ற பிள்ளைகள் மாதிரி அச்சு அசல் அவர் சாயலிலேயே வெளியே போயின. வியாழக்கிழமை காலை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றேன்.

"சார், மாறுதல் விண்ணப்பம். உங்க கருத்து வேணும்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினார். "கருத்தா? இந்த மூதேவி போயிட்டா என் பொண்டாட்டிக்குப் பதில் போட, என் புள்ளைக்குக் கட்டுரை எழுத எவ வருவா? தலைமை ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிற கிழட்டுக் கழுதைங்களுக்கு இது எங்கே புரியப் போகுது? இதான் என் கருத்து, போ!"

என் பென்சில் ஓடியது. சுருக்கெழுத்தில் என் வேகம் நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை. அவர் எவ்வளவு கொதித்தாலும் எண்பதைத் தாண்டமாட்டார். அன்றைக்குக் கையெழுத்துக்குப் போன ஆறு தாள்களில் விண்ணப்பம் நாலாவது. ஆறிலும் கிறுக்கினார்.

மத்தியானம் அவர் மனைவியிடமிருந்து மெசேஜ் வந்தது. 'இன்னைக்கு நம்ம கல்யாண நாள். சீக்கிரம் வருவீங்களா?' கதவோரம் நின்று வாசித்துக் காட்டினேன்.

"இருபது வருஷமா தலையில உட்கார்ந்திருக்கிற சனியன், இதுக்குக் கொண்டாட்டம் வேற கேக்குதா? வர முடியாதுன்னு அனுப்பித் தொலை."

என் கட்டைவிரல் கொஞ்சம் தயங்கியது. அந்த அம்மாள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. பிறகு என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே அனுப்பினேன்.

அடுத்த திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று எனக்கு: நாளை முதல் ஆவணப் பிரிவு. இன்னொன்று அவருக்கு: விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் கருத்துக்கு இன்று நாலு மணிக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும். கிழட்டுக் கழுதைகள் இவ்வளவு வேகமாக ஓடும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

"என்னடி பண்ணி வச்சிருக்கே?" என்று பாய்ந்தார்.

உத்தரவின் நகலை அவர் முன்னால் வைத்தேன். "நீங்க சொன்னதுதான் சார். கூட்டவுமில்ல, குறைக்கவுமில்ல."

உதடு அசைய அசையப் படித்தார். அம்மாவைப் பற்றிய வரியில் நின்றுவிட்டார். நான் வெளியே வந்தேன். என் மேஜையில் அவர் போன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் மனைவிதான்.

"சார் உள்ளே இருக்கார், குடுக்கட்டுமா மேடம்?"

"வேண்டாம், உங்ககிட்டதான் பேசணும். வியாழக்கிழமை வந்ததுதான் அவரோட வார்த்தை, இல்லையா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மேனேஜர் அறைக் கதவைப் பார்த்தேன்.

"அப்ப கண்ணு சிவந்தா தாங்காதுன்னு எழுதினது நீங்க."

"ஆமா மேடம். நான்தான்."

"ஒண்ணைக்கூட அழிக்காம வச்சிருந்தேன்" என்றார். "இனிமே எழுதாதீங்க. அவரே எழுதட்டும்."

அவரை அடிக்க ஓங்கிய கை இவர் மேலும் பட்டுவிட்டது. வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாவத்தையும் மேனேஜர் தலையிலேயே ஏற்றிவிட்டேன்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி" என்றார். குரல் பூனைக்குட்டி மாதிரி வந்தது. "விளக்கம் எழுதணும். பணிவா, அழகா... உனக்குத்தான் அது வரும். வீட்டுக்கும் ஒண்ணு அனுப்பிடு. அவ போனை எடுக்கவே மாட்டேங்கறா."

நோட்டைத் திறந்து பென்சிலைப் பிடித்தேன். "சொல்லுங்க சார்."

"நீயே எழுதேன்."

"உங்க வாயிலேர்ந்து வர்றது மட்டும்தான் சார். உத்தரவு."

"மதிப்பிற்குரிய..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் என்ன வரும் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இதுவரை அவருக்கு வந்ததில்லை. நெற்றியைத் தேய்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "நாசமாப் போறவங்க" என்று வந்துவிட்டது. என் பென்சில் அசைந்ததும், "ஐயோ, அதை எழுதாத!" என்று பதறினார்.

"சரி சார், கோடு போட்டு அடிச்சுட்டேன். மேல சொல்லுங்க."

மேலே ஒன்றும் வரவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அவர் வியர்ப்பதை நான் ஆசை தீரப் பார்த்தேன்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது என் மேஜைக்குப் போய் அடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். தாளை மூன்றாக மடித்து, இரண்டு விரல் அகலம் தெரிய நீட்டினேன். பேனாவை எடுத்தார். கை அந்தரத்தில் நின்றது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மடிப்பைப் பிரித்தார்.

தாளின் மேலே 'மதிப்பிற்குரிய' என்று ஒரே ஒரு சொல். அதற்குக் கீழே அவர் கையெழுத்துக்கான இடம் வரைக்கும் வெள்ளை.

"மீதி எங்கே தங்கச்சி?"

"உங்ககிட்ட இருந்தது அவ்வளவுதான் சார்" என்றேன். அவருடைய போனை அந்தத் தாளின் மேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.