ரெண்டையும் சேர்த்து

டோக்கன் கவுண்டரிலிருந்து போன் வந்தது.

"மேடம், மறுபடியும் சுத்த ஆரம்பிச்சுடுச்சு. எல்லாரும் என் மூஞ்சியையே பாக்கறாங்க. பாட்டா பாட முடியும்?"

அவள் போனை வைத்தாள். எதிர் மேசையில் வாலு ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தாள்.

நின்றுபோனது கண் மருத்துவமனையின் முன்பதிவுத் தளம். டோக்கன் கவுண்டர், மருந்துக்கடை, டாக்டர்களின் அறைகள் எல்லாம் அதை நம்பி இருந்தன. அது நின்றுபோனால் திரையின் நடுவே ஒரு வளையம் சுற்றும். கீழே கூடத்தில், ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டியவர்கள் மறு கண்ணால் அந்த வளையத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

சர்வர் அறை குளிர்ந்தது. இரண்டு திரைகள், இரண்டு கீபோர்டுகள். ஒன்று வாலுவுடையது. தளத்தை ஓட்டும் அப்ளிகேஷனை எழுதியவள் வாலு. மற்றது அவளுடையது. நோயாளிகளின் விவரங்கள் இருக்கும் டேட்டாபேஸ் அவள் பொறுப்பு.

"ரெடியா அண்ணி?"

"ம்."

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

இருவரும் ஒரே நேரத்தில் ரீஸ்டார்ட் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் வளையம் மறைந்தது. கீழே யாரோ கை தட்டினார்கள்.

இந்த முறையை ஏற்படுத்தியது வாலுதான். தளம் முதல்முறை நின்றபோது, அப்ளிகேஷனையும் டேட்டாபேஸையும் சேர்த்தே நிறுத்தித் தொடங்க வேண்டும் என்றாள். ஒன்றை மட்டும் செய்தால் பாதிப் பதிவுகள் நடுவில் தொங்கும், டேட்டா கெட்டுவிடும் என்றாள். அப்படி நடக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்த அவளுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் கூடம் நிறைய ஆட்கள் காத்திருக்கும்போது சோதித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. சொன்னது வாலு என்பதால் அவள் மேலே கேட்கவும் இல்லை.

வாலு அவள் கணவனின் தங்கை. அதற்கு முன்னால் கல்லூரித் தோழி. "எங்க அண்ணனைக் கட்டிக்கோ, நான் உன்னைக் கொடுமைப்படுத்தணும்" என்று சொல்லி அண்ணனை அறிமுகப்படுத்தியதும் வாலுதான். விளையாட்டாகக் கூப்பிட்ட 'அண்ணி' நிலைத்துவிட்டது. வீட்டில் வைத்த 'வாலு' என்ற பெயரும் அப்படியே அலுவலகத்துக்கு வந்துவிட்டது.

"நாத்தனாரும் அண்ணியும் ஒரே நேரத்துல ஒரே வேலை செய்யறதை நான் இங்கதான் பாக்கறேன்" என்பார் டோக்கன் கவுண்டர்க்காரர். "எங்க வீட்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அழறது மட்டும்தான்."

அன்று மதியம் மேனேஜர் அவளை மட்டும் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நல்ல சேதியாக இருக்காது.

"தளம் இப்படி நின்னுக்கிட்டே இருக்கு. டேட்டாபேஸை வெளிக் கம்பெனிகிட்ட குடுத்துடலாம்னு பேசறாங்க. அவங்ககிட்ட ஆளுங்க இருக்காங்க."

"அப்ப நான்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பு டேட்டாபேஸ்லதான்னு யார் சார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எனக்கு ஒரு வாய்ப்பு குடுங்க."

"அடுத்த தடவை நிக்கும்போது, தப்பு உங்க பக்கம் இல்லைன்னு காட்டுங்க. காட்டிட்டா நான் பேசறேன். இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்லம்மா."

இடத்துக்கு வந்து திரையைத் திறந்தாள். தளத்தில் யாராவது ஒருவர் பெயரைத் தேடினால்கூட, அப்ளிகேஷன் டேட்டாபேஸிடம் ஒரு கனெக்‌ஷனை வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். மருத்துவமனை வாசலில் நிற்கும் சக்கர நாற்காலிகளைப் போல. ஆளை மாடிக்குக் கொண்டுபோய் விட்டவர் நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டால், வாசலில் அடுத்து வருபவர் நிற்க வேண்டியதுதான். தளம் நிற்கும்போதெல்லாம் அவள் திரையில் தெரிந்தது அதுதான். எல்லாக் கனெக்‌ஷன்களும் வெளியே போயிருக்கும். ஒன்றும் வேலை செய்துகொண்டிருக்காது.

இதை முன்பே வாலுவிடம் காட்டியிருக்கிறாள்.

"உன் டேட்டாபேஸ்தான் பிடிச்சு வெச்சுக்குது அண்ணி. விட மாட்டேங்குது, மாமியார் சாவிக்கொத்தை வெச்சுக்கற மாதிரி."

"ஆனா நின்னு கிடக்கும்போதும் நான் கேட்டா உடனே பதில் சொல்லுதே."

"உனக்குத் தனி வழி இருக்கு. அடைச்சுக்கிட்டது பொதுவழி."

கனெக்‌ஷன்களின் எண்ணிக்கையைக் கூட்டும்படி வாலு கேட்டாள். அவள் அதிகமாக்கினாள். தளம் நிற்பது கொஞ்சம் தள்ளிப்போனது. பிறகு மறுபடி நின்றது. நீ எழுதின புரோகிராம் கோடைக் காட்டேன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "அதைப் பாத்தா உனக்குத் தலைவலிதான் மிச்சம்" என்று வாலு சிரித்தாள். அவளும் சிரித்தாள்.

விடுமுறை நாளில் வாலு மகளோடு வந்தாள். கணவனைப் பிரிந்த பிறகு விடுமுறைச் சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். மேனேஜர் தன்னிடம் சொன்னதை அவள் சாப்பிடும்போது சொன்னாள்.

"போனா போகட்டும்" என்றான் அவள் கணவன். "கொஞ்ச நாள் வீட்ல இரு. எத்தனை வருஷமா ஓடற?"

"நான் என்ன ஓட்டப் பந்தயத்துலயா ஓடறேன்? வேலை பாக்கறேன்."

"அதான் சொல்றேன். போதும்னு தோணலையா?"

"உங்களுக்குத் தோணுதா, உங்க வேலையை விடணும்னு?"

வாலு நடுவில் புகுந்தாள். "டேய் அண்ணா, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு." பிறகு அவள் பக்கம் திரும்பினாள். "உனக்கென்ன குறைச்சல் அண்ணி? வேற இடத்துல கொத்திக்கிட்டுப் போவாங்க. எனக்குத் தெரிஞ்ச ரெண்டு இடத்துல சொல்லி வெச்சிருக்கேன்."

அவள் வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொன்னாள்.

அந்த வாரத்தின் நடுவில், காலைக் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், தளம் நின்றது.

"சுத்துது மேடம்" என்றார் டோக்கன் கவுண்டர்க்காரர். இம்முறை வேறு எதுவும் சொல்லவில்லை.

அவள் முதலில் மேனேஜருக்கு போன் செய்தாள். வருகிறேன் என்றார். சர்வர் அறைக்குள் போனபோது வாலு தன் திரைக்கு முன் நின்றுகொண்டிருந்தாள். அவள் மற்ற திரைக்குப் போய், டேட்டாபேஸிடம் ஒரு நோயாளியின் பெயரைக் கேட்டாள். பதில் கண் இமைப்பதற்குள் வந்தது. இன்னொரு பெயர் கேட்டாள். அதுவும் வந்தது.

"ரெடியா அண்ணி?"

அவள் கைகளைக் கீபோர்டிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

"நீ உன்னோடதை மட்டும் பண்ணு."

"என்ன?"

"அப்ளிகேஷனை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணு. நான் இதைத் தொடல."

"டேட்டா கெட்டுடும்."

"டேட்டா என்னோடது. கெட்டா நான் பாத்துக்கறேன்."

"இது விளையாடற நேரமா? கீழ எவ்வளவு பேரு நிக்கறாங்க?"

"அதான் சொல்றேன். பண்ணு."

சுவரிலிருந்த போன் அடித்தது. இருவரும் எடுக்கவில்லை. வாலுவின் விரல் கீபோர்டின் மேல் நின்றது. அந்த முகத்தை அவளுக்குக் கல்லூரியிலிருந்தே தெரியும். டேட்டாவை நினைத்துப் பயப்படும் முகம் இல்லை அது.

வாலு அழுத்தினாள்.

போன் அடிப்பது நின்றது. வளையம் மறைந்தது. பெயர்கள் வரிசையாக வந்தன. அவள் திரையில், சும்மா கிடந்த கனெக்‌ஷன்கள் எல்லாம் போய்ப் புதியவை முளைத்தன. ஒரு பதிவும் கெடவில்லை.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இதுக்கு முன்னாடி தனியா பண்ணியிருக்க."

வாலு கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"எப்ப?"

"உங்க அம்மா ஆபரேஷனுக்கு நீ லீவுல போனியே. அப்ப நின்னுச்சு. உன்னைக் கூப்பிட மனசு வரல. என்னோடதை மட்டும் பண்ணிப் பாத்தேன்."

"வந்துடுச்சு."

"வந்துடுச்சு."

அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது மழைக்காலத்தில். இப்போது வெளியே வெயில் கொளுத்தியது. அதற்குப் பிறகும் இந்த அறையில் நின்று எத்தனையோ முறை ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லியிருக்கிறார்கள்.

"தெரிஞ்சுமா எண்ணிக்கிட்டு நின்ன?"

"என் கோட்ல எங்கயோ கனெக்‌ஷன் ஒழுகுதுன்னு தெரிஞ்சுது. எங்கன்னு தெரியல. கண்டுபிடிச்சு, சரி பண்ணிட்டு சொல்லலாம்னு இருந்தேன். சத்தியமா."

"மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சாரே. அப்பகூடவா?"

"எனக்கு இந்த வேலை போனா என்ன பண்ணுவேன் சொல்லு? பொண்ணு இருக்கா. உனக்கு அண்ணன் இருக்கான்."

அவள் திரும்பினாள்.

"இதை நீயா முடிவு பண்ணிக்கிட்டியா?"

வாலு கீழே பார்த்தாள்.

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

வாலு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"நான்தான் அழுதுட்டு சொன்னேன். அவன் மேல கோவப்படாதே. அவன் உன் நல்லதுக்குத்தான், வீட்ல கொஞ்சம் ஓய்வா இருந்தா…"

கதவு திறந்தது. மேனேஜர் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"என்னாச்சு? ஓடுதா?"

அவள் வாலுவைப் பார்த்தாள். தானாகச் சொல்ல இடம் கொடுத்துக் காத்திருந்தாள்.

"ஓடுது சார்" என்றாள் வாலு. "எப்பவும் போல ரெண்டையும் சேர்த்து ரீஸ்டார்ட் பண்ணோம். சரியாயிடுச்சு."

குரல் நடுங்கவில்லை. அதைத்தான் அவள் கவனித்தாள். தன்னை வைத்துக்கொண்டே, தன் காதில் விழும்படி.

"இல்ல சார்" என்றாள். "டேட்டாபேஸை நான் தொடவே இல்ல. இங்க பாருங்க, எப்ப நின்னு எப்ப தொடங்குச்சுன்னு இருக்கு. போன தடவை பண்ணதுதான். அதுலேர்ந்து ஓடிட்டே இருக்கு. தளம் நின்னு கிடந்தப்பவும் நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுச்சு. அப்ளிகேஷனை மட்டும்தான் திருப்பித் தொடங்கினோம்."

மேனேஜர் குனிந்து திரையைப் படித்தார். பிறகு நிமிர்ந்து வாலுவைப் பார்த்தார்.

"அப்ப நீங்க இப்ப சொன்னது?"

வாலுவின் உதடுகள் அசைந்தன. "பழக்கத்துல சொல்லிட்டேன் சார்."

"உங்க கோடை இவங்ககிட்ட குடுங்க. இன்னிக்கே."

மதியம் அவள் வாலுவின் மேசைக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இருவரும் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. கனெக்‌ஷன் வாங்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். வாலு காட்டினாள். எல்லா இடத்திலும் வாங்கியது திரும்பக் கொடுக்கப்பட்டிருந்தது, ஒன்றைத் தவிர. நோயாளி கேட்கும் டாக்டர் அன்று விடுப்பில் இருந்தால், 'டாக்டர் விடுப்பில் இருக்கிறார்' என்று காட்டிவிட்டு அப்ளிகேஷன் பாதியிலேயே வெளியே வந்துவிடும். திருப்பிக் கொடுக்கும் வரி அதற்குக் கீழே இருந்தது. அதுவரை போவதே இல்லை. பெரிய டாக்டர் யாராவது விடுப்பு எடுத்த நாட்களில்தான் தளம் நின்றிருக்கிறது.

"இவ்வளவுதானா?" என்றாள் வாலு. குரல் இப்போதுதான் உடைந்தது. "நான் எங்கெங்கயோ தேடினேன் அண்ணி."

"என்னைக் கூப்பிட்டிருந்தா அன்னிக்கே கிடைச்சிருக்கும்."

"மேனேஜர் என்னைப் போகச் சொல்லிடுவாரா?"

"அவரைக் கேளு."

"நீ சொன்னா கேப்பார்."

"வரியை மேல ஏத்து" என்றாள். வாலு ஏற்றினாள். அவள் சரிபார்த்துவிட்டு நாற்காலியைத் தன் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மாலையில் மேனேஜர் போன் செய்தார். டேட்டாபேஸ் இங்கேயே இருக்கும், அவளும் இருப்பாள். வாலுவைப் பற்றி மேலே பேசி முடிவெடுப்பார்கள். "உங்க நாத்தனார்தானே? உங்களுக்கு எதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். அந்தப் புரோகிராம் தெரிந்தவர், இன்னொருவரைப் பிடிப்பது கஷ்டம் என்று மட்டும் சொன்னாள். அது உண்மை.

வீட்டில் கணவன் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தான். தங்கை போன் செய்திருப்பாள் என்று அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"சரியாயிடுச்சாமே."

"ஆமா."

"வேலை?"

"இருக்கு."

"நல்லது."

அவனுக்குப் பரிமாறினாள். தனக்கும் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அவன் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் தள்ளி வைத்தான். தினமும் செய்வதுதான்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"எது?" என்றான்.

அவள் குவளையைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினாள். அவன் இரண்டாவது முறை கேட்கவில்லை.