மூன்றாவது மலையில் ஒரு காய்கறி வேன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. என் அத்தானின் நச்சரிப்பில் உதித்தது. அவர் தலைவராக இருக்கும் சைக்கிள் சங்கம் ஆண்டு மலர் கொண்டுவருகிறது. அதில் ‘சிகரங்களை வென்ற கேப்டன்’ என்றொரு கட்டுரை இருந்தால் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்களாம். எல்லோரும் என்றால் அத்தான். தலைப்பும் அவர் தந்ததுதான்.

“நீதான் மச்சான் எழுதணும். நானே எழுதினா தற்பெருமை மாதிரி இருக்கும் பாரு.”

ஒப்புக்கொண்டேன். முதல் வரிகூட எழுதினேன்: ‘கதிரவன் கண்விழிக்கும் முன்பே தன் இரும்புக் குதிரையில் ஏறிய கேப்டன்’

[அந்த வாக்கியத்தை அப்படியே நடுத்தெருவில் விட்டுவிட்டேன். அவருடைய சைக்கிள் இரும்பு அல்ல, கார்பன். ஏழு கிலோ. இதை மறந்தால் என்னை மன்னிக்கவே மாட்டார்.]

அன்று அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் அத்தான் அனுப்பிய பயணப் பதிவை மேசைமேல் விரித்து வைத்திருந்தேன். ஒரே பகலில் மூன்று மலைகள், நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். மூன்றாவது மலையை மட்டும் நாற்பத்தேழு நிமிடத்தில் ஏறியிருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய எவரும் அந்தச் சங்கத்தில் இதுவரை செய்யாத சாதனை. “பரவாயில்லையே, அத்தான்” என்று நான் முணுமுணுத்தது அக்காவின் காதில் விழுந்திருக்க வேண்டும். தலையணை உறையை உதறியபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“அந்த மூணாவது மலை என்னுதுடா.”

கட்டுரை அந்த இடத்தில் உயிரை விட்டது. நீங்கள் படிப்பது அதன் பிறகு நடந்தது.

2

ஆட்களை அறிமுகப்படுத்திவிடலாம். இரண்டே பேர்தான், பயப்பட வேண்டாம்.

அக்கா நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். இருபத்தாறு வருடமாக அடுத்தவர் பேச்சை ஒரு சொல் சிந்தாமல் எழுதி எடுக்கிறாள். நீதிபதி இருமினால் அதை மட்டும் விட்டுவிடுவாள்.

அத்தான் கல்லூரியில் மேலாண்மைப் பேராசிரியர். தலைமைப் பண்பு என்பது அவர் பாடம். ‘தலைவன் திரும்பிப் பார்ப்பதில்லை’ என்பது இரண்டாம் பருவத்தில் வரும் அத்தியாயம். சங்கத்தில் அவர் பெயர் கேப்டன். யார் வைத்த பெயர் என்று விசாரித்தேன். விசாரித்திருக்கக் கூடாது.*

(*சங்கத்தின் விதிப்புத்தகத்தையும் அவரே எழுதினார். காலுறை கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடை. ஐந்தென்றால் ஆணவமாம், மூன்றென்றால் அலட்சியமாம்.)

சாலைச் சைக்கிள்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் எதிர்காற்றை முகத்தில் வாங்குவார். பின்னால் வருகிறவர் அவர் சக்கரத்துக்கு ஒரு சாண் விட்டு ஒட்டிக்கொண்டே வந்தால் பாதி உழைப்பு மிச்சம். எட்டு வருடமாக அத்தான் காற்றை வாங்கினார், அக்கா அத்தானின் முதுகைப் பார்த்தாள். ஏற்றங்களில் மட்டும் அவர் பிய்த்துக்கொண்டு போய்விடுவார். உச்சியில் நின்று காத்திருப்பார். பிறகு சங்கத்தில் பத்துப் பேர் நடுவே, “வீட்டம்மாவுக்காக இருபது நிமிஷம் நின்னேம்பா, உடம்பே ஆறிப்போச்சு” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். அது நீதிமன்றத்தில் பழகிய சிரிப்பு. பதிவேட்டில் ஏறாது.

3

‘விடியலின் பொற்கரங்கள் மலைமுகடுகளை’

[வேண்டாம்.]

விடிந்தது. அவ்வளவுதான். இரண்டு பேரும் சைக்கிளில் ஏறினார்கள்.

முதல் மலை சின்னது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டாவது மலையில் வெயில் ஏறியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அக்கா தன் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு போனாள். மூச்சு, சங்கிலி, மூச்சு, சங்கிலி. கொஞ்ச நேரத்தில் எது மூச்சு எது சங்கிலி என்று பிரியவில்லை. மலை தன்னை இழுத்துக்கொள்கிறதா, தான் மலையைக் கீழே தள்ளுகிறாளா என்றும் தெரியவில்லை. “தூங்காம கனவு காண்ற மாதிரி இருந்துச்சுடா” என்றாள். கவித்துவமாகப் பேசிவிட்டோமோ என்று கூச்சப்பட்டு, “பசி மயக்கமா இருக்கும்” என்று திருத்தினாள்.

மூன்றாவது மலையின் அடிவாரத்தில் ஒரு டீக்கடை. அங்கேதான் அந்தத் தவறு நடந்தது. சைக்கிள் இனத்தார் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

இருவர் சைக்கிளிலும் ஹேண்டில்பாரில் ஒரு மீட்டர் உண்டு. வேகம், தூரம், ஏற்றம், எந்த வழியாகப் போனோம் என்ற வரைபடம், எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும். ஜோடியாக வாங்கியவை, ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் கழற்றிக் கடைக்காரரின் பிளக்கில் சார்ஜ் போட்டார்கள். கிளம்பும்போது மாற்றி மாட்டிக்கொண்டார்கள். அவருடையது அவளிடம், அவளுடையது அவரிடம். திரையின் மூலையில் பெயர் சின்னதாகத் தெரியும்தான். ஆனால் அத்தானுக்குக் கிட்டத்து எழுத்து தெரியாது. வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போடுவார். படிக்கிற கண்ணாடி போட மாட்டார். கேப்டன்கள் போடுவதில்லை.

“மேல பாக்கலாம்” என்றார் அத்தான்.

“பாத்துப் போங்க” என்றாள் அக்கா.

4

ஏறத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் மேகம் இறங்கிவிட்டது. சாலை, பாறை, பள்ளம், எல்லாவற்றையும் யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டது போல. அக்காவுக்குத் தன் முன்சக்கரம் தெரிந்தது. அதற்கு அப்பால் அத்தானின் பின்விளக்கு, சிவப்பாக, சின்னதாக.

இந்த இடத்தில் கேப்டன் இயற்கையின் பேரழகில் மெய்மறந்து ஒரு பாறையருகே

[பொய். சிறுநீர் கழிக்கப் போனார். சைக்கிளையும் பாறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார், ஏழு கிலோவை யாராவது தூக்கிவிடுவார்கள் என்று.]

அக்கா அந்தப் பாறையைக் கடந்து போய்விட்டாள். அவளுக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை சிவப்புப் புள்ளி இன்னும் முன்னால்தான் இருந்தது. எட்டிப் பிடிக்கலாம் என்று மிதித்தாள். நெருங்கியதும் அது விளக்கு இல்லை. வளைவில் நட்ட கல்லில் ஒட்டியிருந்த சிவப்பு வில்லை. இவளுடைய விளக்கின் வெளிச்சம் பட்டு மின்னியிருக்கிறது. அதோ, அதற்கும் மேலே இன்னொரு சிவப்பு. அதுதான் அவர். மிதித்தாள். அதுவும் கல்.

இப்படியே வளைவுக்கு வளைவு கணவரைத் துரத்திக்கொண்டு போனாள், போகப்போக அவர் கல்லாகிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் தொடை வலியும் கரைந்துபோனதாம். மேகத்துக்குள் ஏறுகிறவளுக்கு ஏற்றம் என்பது தெரிவதில்லை. கால்கள் தமக்குள் ஏதோ பேசிக்கொண்டன, அவள் குறுக்கிடவில்லை. வேகமாகப் போகிறோம் என்று தோன்றவே இல்லை. பின்தங்கிவிட்டோம் என்றுதான் தோன்றியது. இன்று எத்தனை நிமிடம் நிற்பாரோ, அதை எத்தனை பேரிடம் சொல்வாரோ என்று நினைத்துக்கொண்டே மிதித்தாள்.

திடீரென்று சாலை மட்டமானது. உயரத்தை எழுதிய பலகை ஒன்று நின்றது. பலகைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

ஹேண்டில்பாரில் மீட்டர் கூவியது. திரையில் பொன்னிற எழுத்து: ‘வாழ்த்துகள் கேப்டன்! புதிய சாதனை!’

5

[இந்த அத்தியாயத்தை நான்கு தடவை எழுதினேன். முதல் தடவை அக்காவை அழவைத்தேன், இரண்டாம் தடவை கைகளை விரித்து ஆகாயத்தைப் பார்க்கவைத்தேன். “நான் எதுக்குடா ஆகாயத்தைப் பாக்கணும், ஒண்ணுமே தெரியல அங்க” என்றாள். அவள் சொன்னதையே எழுதுகிறேன்.]

முதலில் அவர் தன்னை விட்டுவிட்டு மறுபக்கம் இறங்கிவிட்டார் என்று நினைத்தாள். பிறகு மீட்டரை மறுபடி பார்த்தாள். நாற்பத்தேழு நிமிடம். அப்போதுதான் புரிந்தது, மீட்டர் மாறியிருக்கிறது. அவர் பின்னால் இருக்கிறார். ஏறியது இவள்.

ஒரு வாழைப்பழம் தின்றாள். வேறு எப்படிக் கொண்டாடுவதென்று தெரியவில்லை.

பத்து நிமிடம் நன்றாக இருந்தது. அப்புறம் வேர்வை ஆறிக் குளிர் எலும்பில் இறங்கியது. இருபது நிமிடம். முப்பது. “நிக்கிறது இவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாதுடா. அவர் சும்மா அலட்டிக்கிறார்னுதான் இத்தனை வருஷம் நெனச்சேன்.”

கடைசியில் மேகத்திலிருந்து அவர் வந்தார். ஏறி வரவில்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தொண்டை கட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“நீ எப்படி இங்க?”

அவள் வாயைத் திறந்தாள்.

“வண்டி எதுலயாவது ஏறி வந்தியா?”

அந்த முகத்தை எனக்கு விவரிக்க அக்காவால் முடியவில்லை. வார்த்தையே பிழைப்பாக வைத்திருப்பவளால் முடியவில்லை. “கேக்குற மாதிரி இல்லடா. கெஞ்சுற மாதிரி இருந்துச்சு.”

“ஆமாங்க” என்றாள் அக்கா. “காய்கறி வேன் ஒண்ணு வந்துச்சு.”

“அதானே பாத்தேன்” என்று புல்லில் மல்லாந்தார். கண்ணை மூடினார். அக்கா சத்தமில்லாமல் இரண்டு மீட்டர்களையும் கழற்றி, அவரவருடையதை அவரவர் சைக்கிளில் மாட்டினாள்.

சிக்னல் கிடைத்த இடத்தில் மீட்டர் தன் வேலையைக் காட்டியது, பதிவைச் சங்கத்தின் குழுவுக்குத் தானே அனுப்பிவிட்டது. அத்தான் ஷூவைக் கழற்றுவதற்குள் சங்கத்தில் முப்பத்தாறு பேர் கட்டை விரலைத் தூக்கிவிட்டார்கள். ‘கேப்டன் நாற்பத்தேழு!’ தான் தள்ளிக்கொண்டு வந்தது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் முப்பத்தாறு கட்டை விரல்களுக்கு எதிராக ஒரு மனிதனால் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். ‘மீட்டர் பொய் சொல்லாது’ என்பது அவருடைய விதிப்புத்தகத்தில் முதல் விதி.

6

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஏமாற்றிய கணவர், ஏமாந்த மனைவி, உண்மையைப் போட்டு உடைக்கும் தம்பி. மலருக்கு நாளை அச்சு. எனக்குக் கை பரபரத்தது. சொந்த அத்தானின் காற்றைப் பிடுங்கிவிடும் சந்தர்ப்பம் எழுத்தாளனுக்கு அடிக்கடி வாய்க்காது.

ஆதாரம் வேண்டுமே என்று அக்காவின் பெயரில் இருந்த பதிவைத் திறந்தேன். அதாவது அத்தான் உண்மையில் ஓட்டியதை. அவள் அதைத் திறந்ததே இல்லை.

வரைபடத்தில் அவர் போன வழி ஒரு நீலக்கோடாக மேலே ஏறியது. பாதியில் ஒரு வளைவில் பதினொரு நிமிடம் நின்றிருந்தது. அப்புறம் அந்தக் கோடு திரும்பியது. கீழ்நோக்கி. ஒரு வளைவு, இரண்டு வளைவு. ஓரிடத்தில் சாலையை விட்டு விலகிப் பள்ளத்தின் விளிம்புவரை போய் நின்றது. இன்னோர் இடத்திலும் அதே மாதிரி. நடக்கிற வேகம். பிறகுதான் மறுபடி மெதுவாக ஏறியது.

“அக்கா, இது என்ன, கோடு கீழே போய்ட்டு வருது?”

அவள் வந்து குனிந்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். விரலால் அந்தக் கோட்டின் மேல் நடந்தாள். பள்ளத்தின் விளிம்பு வந்ததும் விரல் நின்றது.

“எறங்கி வந்திருக்காரு” என்றாள். “நான் விழுந்துட்டேன்னு.”

“உன்கிட்ட சொல்லலையா?”

“தொண்டை கட்டினது பனியாலேன்னு சொன்னாரு.”

வேறொரு கதையில் இங்கே மழை பெய்யும். இங்கே பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி போட்டார்கள்.

“எப்பக் குடுக்கணும் நீ?”

“நாளைக்குக் காலையில.”

“என் மலையை அவர் எடுத்துக்கட்டும்னு விட்டுட்டேன்டா. ஆனா இதை அவர் பேர்ல யாரும் எழுத மாட்டாங்களே.”

இப்போது என் சிக்கல் உங்களுக்கும் புரியும். உண்மையை எழுதினால் அக்காவுக்கு ஒரு மலை கிடைக்கும், அவள் சொன்ன பொய் அம்பலமாகும். அத்தான் முப்பத்தாறு பேர் முன்னால் சாதனையை இழப்பார். பதிலுக்கு அவருக்குக் கிடைப்பது மனைவி பெயரைக் கத்திக்கொண்டு பள்ளம் பள்ளமாக எட்டிப் பார்த்த ஒரு கோடு. என்னைக் கேட்டால் அது நாற்பத்தேழு நிமிடத்தைவிடப் பெரிது. அவரைக் கேட்டால் அது பாடத்திட்டத்துக்கு விரோதம். எழுதாவிட்டால் இரண்டு பேரும் ஒரே வீட்டில், அடுத்தவர் செய்தது தெரியாதது போல, ரொம்ப மரியாதையாக வாழ்ந்து முடிப்பார்கள்.

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அத்தான் மேடையில் எழுந்து ஒப்புக்கொள்கிறார், கைதட்டல். [அவரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். கிழித்துவிட்டேன்.] ஒன்றில் அக்கா இன்னொரு நாள் அதே மலையை, அவர் கண்ணெதிரே, நாற்பத்தாறு நிமிடத்தில் [சினிமா.] மூன்றாவது ஞாபகமில்லை, அதை எழுதும்போதுதான் போன் அடித்தது.

7

அத்தான். கல்லூரியிலிருந்து.

“என்ன மச்சான், கட்டுரை முடிஞ்சுதா?”

“முடியுற மாதிரி இருக்கு அத்தான்.”

“நல்லது, நல்லது.” பிறகு மௌனம். அத்தானிடம் மௌனம் என்பது நான் அதுவரை கேட்டிராத ஓசை. “ஏன் மச்சான், அன்னைக்கு உங்க அக்கா ஒரு வேன்ல ஏறித்தான் மேல வந்தா. உன்கிட்ட சொன்னாளா?”

“ம்.”

“அந்த வேன் என்ன கலர்னு ஏதாவது சொன்னாளா?”

வகுப்பில் அவர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் முன்பே அவர் பையில் இருக்கும். இது அப்படிக் கேட்ட கேள்வி இல்லை. பச்சை என்று சொல்லியிருந்தால் போதும், நம்பியிருப்பார். அல்லது நம்புவதாகச் சொல்லியிருப்பார். வேனே இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனியில் இரண்டும் இருந்தன. போனில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது, ஏதோ படிக்கட்டு ஏறி வந்தவர் போல.

நிமிர்ந்தால் அக்கா என் எதிரில் நிற்கிறாள். கையை நீட்டுகிறாள்.

“குடு. என்னைத்தானே கேக்குறாரு.”

கொடுத்துவிட்டேன். மடித்த துணிகளைத் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினாள். “என்னங்க” என்றாள். அதற்குமேல் கேட்க எனக்கு உரிமையில்லை என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்கே தோன்றியது. வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன்.

மலரில் அந்தப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நான் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே பேச்சு நடக்கிறது, சொற்கள் பிரியவில்லை. கதவில் காது வைத்துக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் தாராளமாகப் போகலாம், நான் வழி விடுகிறேன். ஆனால் கேட்டதை என்னிடம் வந்து சொல்லாதீர்கள். எழுதிவிடுவேன்.