வள்ளியாத்தாளின் நோய்க்குப் பெயர்

மேட்டூரில் அணை கட்டி முடித்த வருஷம் அது. அஸ்தம்பட்டியில் ஏற்காட்டுச் சாலையை ஒட்டியிருந்த சின்னப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு ஜானகியம்மாள் டாக்டராக வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சேலத்து நெசவுக் குடும்பத்துப் பெண். சென்னையில் படித்துவிட்டு, பிறந்த ஊரிலேயே வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தாள்.

ஒரு நாள் காலை பரமத்தி வேலூரிலிருந்து மூன்று பேர் வந்து இறங்கினார்கள். வள்ளியாத்தாள், அவள் புருஷன் சென்னிமலை, மாமியார் ராமாத்தாள். காவிரிக்கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். வள்ளியாத்தாளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆனால் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மாதவிலக்கு முடிந்த பிறகும் ரத்தம் விட்டுவிட்டுப் பட்டுக்கொண்டே இருப்பதாகவும், இப்படி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டதாகவும் அவள் மெல்லச் சொன்னாள்.

சென்னிமலை மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். எங்கோ ஒரு டாக்டர் முன்பு எழுதிக் கொடுத்தது. ஆண் டாக்டர் என்பதால் வள்ளியாத்தாள் உள்ளே சோதிக்க விடவில்லை. அவர் வயிற்றை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் அதைப் படித்துச் சொன்னார். அந்தக் கட்டி வாய்க்கு வாய் மாறி, இரண்டே வாரத்தில் புற்று ஆகிவிட்டது. இனி இவள் தேறமாட்டாள் என்று பங்காளிகள் முடிவு கட்டி, சென்னிமலைக்கு வேறு பெண் பார்க்கக் கிளம்பினார்கள். அவன் ஒரே பிடியாக மறுத்துவிட்டு, பொம்பளை டாக்டர் இருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

ஜானகியம்மாள் அவளைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்து, விளக்கை அருகில் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாள். கர்ப்பப்பையின் வாயில், செக்கச்செவேலென்று ஒரு சதை, திராட்சைப் பழம் அளவுக்கு, மெல்லிய காம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. லேசாகத் தொட்டதுமே ரத்தம் கசிந்தது. இங்கிலீஷில் இதற்குப் பாலிபஸ் என்று பெயர். சென்னையில் படிக்கும்போது அவள் பார்த்திருக்கிறாள்.

"சின்னச் சதைதான் அம்மணி. காம்போட இருக்கு. திருகி எடுத்துடலாம். வயித்தைக் கிழிக்க வேண்டியதில்லை" என்றாள்.

வள்ளியாத்தாள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளிக் காட்டினாள். "வெத்தலை கிள்ளற மாதிரிங்களா?"

"அதே மாதிரிதான்."

வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

மறுநாள் எடுத்தாகிவிட்டது. மயக்க மருந்துகூடத் தேவைப்படவில்லை. எடுத்த சதையை மருந்து ஊற்றிய சீசாவில் போட்டு, சோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினாள் ஜானகியம்மாள். பார்வைக்குச் சாதுவாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பூதக்கண்ணாடியில் பார்த்தவர்கள் சொன்னால்தான் முழு நிச்சயம் என்று மூவரிடமும் ஒளிக்காமல் சொன்னாள்.

ஊருக்குக் கிளம்பும் நேரத்தில், மாமியார் வெளியே போயிருந்தபோது, வள்ளியாத்தாள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒன்னு தெரியோணுங்க. இத்தனை நாளு பட்டதெல்லாம் தூரமுங்களா, வியாதிங்களா?"

ஜானகியம்மாளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ரத்தம் பட்ட நாளெல்லாம் வீட்டுக்குத் தூரம் என்று கணக்கு. எந்த நாளில் படும் என்று சொல்ல முடியாததால் ஒரு வருஷமாக அவள் அடுப்படிக்குள் போகவில்லை. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில்தான் படுக்கை. கொடிக்காலுக்குள் கால் வைக்கக் கூடாது, வைத்தால் கொடி வாடிவிடும் என்பார்கள். தானே நீர் ஊற்றி வளர்த்த கொடிகளை அவள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாசாமாசம் வர்றதுதான் தூரம். மத்ததெல்லாம் அந்தச் சதையிலேருந்து வந்தது. மூக்குல ரத்தம் வர்றதில்லையா, அந்த மாதிரி."

"அப்ப அதை எழுதிக் குடுங்க. நாஞ் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

சென்னையிலிருந்து பதில் வந்ததும் எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்தாள் ஜானகியம்மாள்.

பதில் வருவதற்குள் மாதம் முடிந்துவிட்டது. வந்த நோயாளிகளை நோய்வாரியாகப் பிரித்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். சர்க்கார் அச்சடித்த பட்டியலில் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் உண்டு. அந்த வேலையைச் செய்யும் குமாஸ்தா அப்புசாமி, பெண்களின் வயிற்றில் எது வளர்ந்திருந்தாலும் கட்டிகள் என்ற ஒரே தலைப்பில் போட்டு முடிப்பது வழக்கம். இதையும் அப்படியே போட்டுவிடலாமா என்று கேட்டார். ஜானகியம்மாள் வேண்டாம் என்றாள். மேலிடத்திலிருந்து ஞாபகக் கடிதம் வந்தது. அவர் மறுபடியும் வந்து நின்றார். அவள் அப்போதும் அசையவில்லை. கட்டி என்ற ஒரு சொல் ஒரு குடும்பத்தில் என்ன செய்துவிட்டது என்று அவரிடம் விவரமாகச் சொன்னாள். அப்புசாமிக்கும் கல்யாண வயதில் பெண்கள் இருந்தார்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனார்.

பதில் நல்லபடியாகவே வந்தது. சாதாரணச் சதை, புற்றின் அறிகுறி எதுவும் இல்லை. ஜானகியம்மாள் பட்டியலைப் புரட்டி, கர்ப்பப்பை நோய்களின் கீழ் பாலிபஸ் தனியாக இருப்பதைக் கண்டுபிடித்து, தன் கையாலேயே எண்ணைக் குறித்தாள். அதோடு விடாமல் பழைய மாதங்களையும் எடுத்துப் பார்த்தாள். குணமாகிப் போன எத்தனையோ பேர் கட்டிகளுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இருவரும் சில மத்தியானங்கள் உட்கார்ந்து அவற்றைச் சரிசெய்தார்கள். ஆரம்பத்தில் முணுமுணுத்த அப்புசாமிக்குப் போகப்போக அதில் ருசி ஏற்பட்டுவிட்டது.

சொல்லி அனுப்பியதும் மூவரும் வந்து சேர்ந்தார்கள். வள்ளியாத்தாளின் கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியிருந்தது. பாலிபஸுக்குத் தமிழில் என்ன எழுதுவது என்று ஜானகியம்மாள் சற்றுத் தடுமாறினாள். கடைசியில் யாருக்கும் புரிகிறமாதிரி எழுதி, தானே வாய்விட்டுப் படித்தாள். 'கர்ப்பப்பையின் வாயில் சாதாரணச் சதை வளர்ந்திருந்தது. எடுத்தாகிவிட்டது. புற்று இல்லை. இடையில் பட்ட ரத்தம் அந்தச் சதையிலிருந்து வந்தது. அது மாதவிலக்கு அல்ல.'

கடைசி வரியை ராமாத்தாள் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப ஒரு வருசமா நா ஒருத்தியே அடுப்புல வெந்தது தெண்டமுங்களா?"

சென்னிமலை சத்தமாகச் சிரித்துவிட்டான். வள்ளியாத்தாள் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். ராமாத்தாள் அவள் தோளைத் தொட்டு, "ஊட்டுக்கு வா, சாமி. இன்னைக்குச் சோறு நீதான் ஆக்கோணும்" என்றாள். ஒரு வருஷத்தில் மருமகளை அவள் தொட்டது அன்றுதான் என்று பிறகு சென்னிமலை டாக்டரிடம் சொன்னான்.

தைப்பொங்கல் கழிந்து, பரமத்தி வேலூர்ப் பக்கத்திலிருந்து அங்கம்மாள் என்ற பெண் வந்தாள். வள்ளியாத்தாள் அனுப்பியதாகச் சொன்னாள். தனக்கும் அதே வியாதிதான், அதே மாதிரி சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். அப்புசாமி அவள் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டு, நோய் என்ற இடத்தில் பேனாவை நிறுத்திக்கொண்டு டாக்டரைப் பார்த்தார்.

"முதல்ல பார்ப்போம், வாங்கம்மா" என்று சொல்லி ஜானகியம்மாள் திரையை விலக்கினாள்.