குழாய் வாயில் கட்டின துணி

ஓரிக்கைக்கு அந்தப் பக்கம் பாலாற்றங்கரை ஊரில், ஐ.ஆர்.எட்டு என்கிற குட்டை நெல் வந்த வருஷம் அது. அதைப் பயிரிடுகிறவர்களுக்கென்று அரசாங்கம் ஊருக்கு ஒரு கரண்ட் மோட்டார் கொடுத்தது. அது எப்படியோ தயாவதியின் துண்டு நிலத்துக்கு வந்துவிட, பெரிய பண்ணைக்காரர் கலியாணசுந்தரத்துக்கு வயிறு எரிந்தது. "சின்னக் கிணறு சார், தண்ணி ஏறாது. ஏறலைன்னா எனக்குக் குடுத்துடுங்க" என்றார். விவசாய ஆபீசரும் தலையாட்டிவிட்டார். சோதனை நாளன்று மோட்டாரை ஏற்றிப்போக வண்டியையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார் மனிதர். என்ன அவசரமோ!

நாற்றங்காலில் நாற்று வாடிக்கொண்டிருந்தது. ஏற்றம் இறைத்து இறைத்துப் புருஷன் நேமிநாதனுக்குத் தோள் கழன்றுவிட்டது. மோட்டார் போனால் பயிரும் போச்சு.

தயாவதிக்கு இன்னொரு கவலையும் இருந்தது. சமண வீடு. தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்பார்கள். துணியில் தங்கும் பூச்சியை அதே கிணற்றில் திரும்ப விடுவார்கள். இந்த மோட்டார் குட்டி மீனையெல்லாம் உறிஞ்சினால்? குழாயைக் கிணற்றில் இறக்குமுன், யாரும் பார்க்காதபோது அதன் வாயில் துணி கட்டிவிட்டாள். பிள்ளையார்பாளையம் வேலாயுதம் நெய்து தந்த பருத்தித் துணி, நாலு மடிப்பு. பட்டு நெய்கிற கையாயிற்றே, நூலுக்கு நூல் அத்தனை நெருக்கம்.

சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் உறுமியது. சொட்டுத் தண்ணீர் இல்லை.

"சொன்னேனில்ல சார்?" கலியாணசுந்தரம் வண்டியைக் கிட்டே வரச் சொன்னார்.

தயாவதிக்குச் சட்டென்று உறைத்தது. வெட்கப்பட்டால் பயிர் போய்விடும்.

"இருங்க சார்! கிணத்து மேல தப்பு இல்ல. நான்தான் குழாய் வாயக் கட்டி வெச்சிருக்கிறேன்!"

"ஏம்மா, மோட்டாருக்கு வடிகட்டியா?" ஆபீசர் தலையில் அடித்துக்கொண்டார். ஊரே சிரித்தது. நேமிநாதனும் சிரித்துக்கொண்டே இறங்கித் துணியை அவிழ்த்து வந்தான்.

தயாவதி விடவில்லை. "அண்ணா, வண்டியில இருக்குதே மூங்கில் கூடை, அதக் குடுங்க. மீனு போவாது, தண்ணி போவும்." அத்தனை பேர் பார்க்கும்போது கலியாணசுந்தரத்தால் மறுக்க முடியவில்லை. கூடையைக் குழாய் வாயில் கவிழ்த்துக் கட்டினார்கள்.

ஆபீசர் சுவிட்சில் கை வைத்தார்.

"கொஞ்சம் இருங்க சார். இதுங்க வீட்டுக்குப் போவட்டும்." பூச்சி ஒட்டிய துணியை வாளியில் வைத்துக் கிணற்றில் இறக்கி, நிதானமாக அலசி எடுத்தாள். அரசாங்கம் காத்துக்கொண்டு நின்றது.

பிறகு தண்ணீர் பாய்ந்தது பாருங்கள்! ஆபீசரின் கால்சட்டை முழங்கால்வரை நனைந்தது. வாய்க்காலில் ஓடி நாற்றங்காலைத் தொட்டபோது தயாவதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு.

மோட்டாரை ஏற்றிப்போக வந்த வண்டி, இருந்த கூடையையும் விட்டுவிட்டுப் போனது.